பாம்பன் கடல்மேல் கரி எஞ்சின் ரயில்: இந்த விளம்பரத்தை நம்பலாமா?

பரமக்குடிப் பெண் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி. இருபது ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் குடியிருக்கிறேன். என் தந்தைக்கு இப்போது எண்பத்து நான்கு வயதாகிறது. முழங்கால் வலி இருந்தாலும் ஊன்றுகோலோடு நடக்கிறார். நினைவு மிகத் தெளிவாக இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு, கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் பெரியப்பாவைக் கப்பல் ஏற்றிவிடுவதற்காக, கொழும்புக் கப்பலுக்கு இணைப்பாக ஓடிய போட் மெயில் ரயிலில் அவர் தனுஷ்கோடி வரை போயிருக்கிறார். அந்தப் பயணத்தை இன்றைக்கும் ஒரு வரிசை மாறாமல் சொல்வார்: உச்சிப்புளி தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வரும், மண்டபத்தில் வண்டி வெகுநேரம் நிற்கும், பாலத்தில் ஏறியதும் எஞ்சின் இரைச்சல் அடங்கிவிடும், ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் கீழே தரை இல்லாமல் அலைதான் தெரியும், அப்போது தலையை நீட்டிய குற்றத்துக்காகக் கண்ணில் கரித்தூள் விழும். கடைசியில் கப்பல் புகையும் ரயில் புகையும் ஒன்றாகக் கலந்து போனதைச் சொல்லி முடிப்பார்.

சென்ற மாதம் வாட்ஸ்ஆப்பில் ஒரு சுற்றுலா முகவரின் விளம்பரம் வந்தது. 'நீராவி ரயிலில் பாம்பன் கடல்மேல் ஒரு பாரம்பரியப் பயணம், தனுஷ்கோடி வரை' என்று எழுதியிருந்தது. படத்தில் நீல நிற எஞ்சின் ஒன்று புகையைக் கக்கியபடி பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதற்குமேல் யோசிக்காமல் இருவருக்குமாக எட்டாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். பயணச்சீட்டு எண்ணைக் கேட்டால், 'புறப்படுவதற்கு முந்தைய நாள் வரும்' என்று மட்டும் பதில் வருகிறது.

பாம்பன் பாலத்தில் உண்மையிலேயே நீராவி ரயில் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால், கடலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபடி ராமேஸ்வரம் போவதற்கு அப்பாவைப் போன்ற முதியவருக்கு எந்த ரயில் ஏற்றது? தனுஷ்கோடியில் அவர் பார்த்தவற்றில் இன்று எது மிஞ்சியிருக்கிறது? இந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மண்டபம்காரன்:

அக்கா, முதலில் அந்தப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். பாம்பன் பாலத்தில் இன்று நீராவி ரயில் எதுவும் ஓடவில்லை. தனுஷ்கோடிக்கோ எந்த ரயிலும் போவதில்லை. அந்தத் தண்டவாளத்தை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோய்விட்டது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதிய பாதை போடுவதற்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் இன்றுவரை அங்கே ஒரு சிலிப்பர்கட்டைகூட விழவில்லை. முன்பதிவு செய்த எந்த ரயில் சீட்டுக்கும் பத்து இலக்கப் பி.என்.ஆர். எண் உண்டு என்பதால், அதைத் தர மறுப்பவரிடம் சீட்டே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். பணம் வரவில்லை என்றால் 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணில் உடனே பதிவு செய்யுங்கள். நாள் தள்ளத் தள்ளப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ராமநவமி அன்று திறக்கப்பட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கிணற்று வாளியைப் போல அப்படியே நேராக மேலே போகிறது. 17 மீட்டர் உயரம் வரை எழும்பும். பழைய தூக்குப்பாலம் அப்படியல்ல. இரண்டு இரும்புச் சிறகுகளும் தத்தம் கரைப்பக்கமாக உருண்டு பின்னால் சாயும். அதைத் திறப்பதற்கு ஆட்கள் நெம்புகோலைப் பிடித்துச் செக்கு சுற்றுவதைப் போலச் சுற்றி வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கப்பல் போகிறது என்று தெரிந்தால் சாலைப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்களுக்கு வழக்கம். புதியது பொத்தானை அழுத்தினால் எழும்புகிறது. வசதிதான், மறுக்கவில்லை, ஆனால் நின்று பார்க்கத் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்களை நம்பாதீர்கள். போட் மெயில் என்ற பெயர் இன்னும் இருக்கிறதே என்று அப்பா ஆசைப்படலாம். ஆனால் இரவு முழுதும் படுக்கையில் புரண்ட முதியவரை, பாலம் வரும் நேரம் பார்த்து எழுப்பி உட்கார வைப்பது எளிதல்ல. மதுரையிலிருந்து காலையில் புறப்படும் பாசஞ்சர்தான் உங்களுக்கு ஏற்றது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 161 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் அவரை உட்கார வைக்க வேண்டாம் என்று நினைத்தால், பரமக்குடியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு ராமநாதபுரத்தில் ஏறிக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துக்குப் பிறகு வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் முகாம், மண்டபம் என்று வரும். உச்சிப்புளி வரை இருபுறமும் பனையும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். கடல் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். மண்டபம் நிலையத்தைத் தாண்டியதும் நிலம் இரு பக்கமும் ஒன்றுபோல ஒடுங்கிக்கொண்டே வந்து, திடீரென்று இல்லாமல் போய்விடும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு பக்கம் சாலைப் பாலம் கூடவே வரும்; அதில் நிற்கும் சுற்றுலாப் பேருந்துகளைப் பார்க்க விருப்பமில்லை என்றால் மறுபக்கம் உட்காருங்கள். முன்பதிவில்லாத பெட்டி என்பதால், மண்டபத்தில் கூட்டம் குறைந்ததும் இடம் மாறிக்கொள்ளலாம். வடக்கே தெரிவது பாக் நீரிணையின் கடல். அதை நாங்கள் பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். சோழகக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வந்தீர்கள் என்றால், ஒரு பக்கம் குளத்தைப் போல் கிடப்பதையும் மறுபக்கம் நுரை தள்ளுவதையும் ஒரே பெட்டியிலிருந்து பார்க்கலாம். வாசல்படியில் நின்று படம் எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்து நீங்களும் போய் நிற்காதீர்கள். பாலத்தின் மேல் காற்று எந்த நேரம் எப்படித் தள்ளும் என்று சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற ஃபயர்மேன்:

அம்மா, உங்கள் தந்தையார் சொன்ன ஒரு விவரம் என்னை உட்கார வைத்துவிட்டது. பாலத்தில் ஏறியதும் எஞ்சின் இரைச்சல் அடங்கிவிடும் என்று அவர் சொல்கிறார் அல்லவா? அது வெறும் நினைவல்ல. முழுக்க முழுக்கச் சரி. நான் 1980-களில் மீட்டர் கேஜ் என்ற ஒரு மீட்டர் அகலப் பாதையின் நீராவி எஞ்சின்களில் கரி அள்ளிப்போட்டவன். பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும் என்பதால், மண்டபத்தை விடும்போதே நெருப்பைச் சீராக்கி, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து வைத்துக்கொள்வோம். பாலத்தின் மேல், சிலிண்டருக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் வண்டியை நகர்த்துவார். நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவேன். எஞ்சினின் நெருப்பு அறைக்கு அடியில் இருக்கும் சாம்பல் தட்டின் கதவை மூடிவிட வேண்டும் என்பதில் பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள், ஏனென்றால் ஒரு தணல் விழுந்து கட்டை சிலிப்பரில் தங்கிவிட்டால், அடுத்த வண்டி வருவதற்குள் காற்று அதை ஊதி வளர்த்துவிடும். ஆகவே எஞ்சினின் மூச்சு அங்கே மெல்ல, நீளமாக வரும். சக்கரம் பாலத்தின் கர்டர் என்ற இரும்பு உத்தரங்களின் இணைப்பில் தட்டும் ஒலியும் அலை ஓசையும்தான் பெரிதாகக் கேட்கும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்துக்குச் சிக்னலே விழாது என்ற ஏற்பாடு பழைய பாலத்தில் இருந்தது. வாடைக்காலத்தில் மண்டபத்தில் வண்டி வெகுநேரம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் சொன்ன விளம்பரப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீல நிற நீராவி எஞ்சின் என்றால் அது நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினாகத்தான் இருக்கும். அதை வெட்டிப் பாம்பன் பாலத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சக்கரத்துக்கு மேலே இரண்டு அடுக்காக சிலிண்டர்கள் தெரியும். கீழ் சிலிண்டர் வழக்கமான சக்கரத்துக்கு. மேல் சிலிண்டர், தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் பற்சக்கரத்துக்கு. கடல்மேல் சமதளமாகப் போகும் பாலத்தில் பற்சக்கரத்துக்கு என்ன வேலை? அதைவிட, அந்த எஞ்சின் ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடுவது. ராமேஸ்வரம் பாதை 2007-இல் அகலப்பாதையாக மாறிவிட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். அந்த எஞ்சினை இங்கே கொண்டுவந்து வைத்தால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே தரையில்தான் உட்காரும்.

பாதை மாறியது ஒரு காரணம் மட்டுமே. நீராவி எஞ்சினுக்குக் கரியைவிடத் தண்ணீர் முக்கியம், அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரைப் பாய்லரில் விட்டால் குழாய்களின் மேல் செதில் படிந்து சூடு ஏறாது. அது மட்டுமின்றி, தண்ணீர் நுரைத்துப் பொங்கி நீராவியோடு சிலிண்டருக்குள் போய், சிலிண்டர் மூடியையே உடைத்துவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மனிதருக்கே குடிதண்ணீர் பெரும்பாடு. தண்ணீர்த் தூண், சாம்பல் குழி, எஞ்சினைத் திருப்பும் மேடை எல்லாம் எடுத்தாயிற்று. போதாததற்கு உப்புக்காற்று இரும்பைத் தின்னும் வேகத்தில் உலகிலேயே பேர்போன இடம் பாம்பன். பாலத்தில் பெயின்ட் அடிக்கும் ஆட்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வருவதற்குள் முதல் முனையில் துரு கிளம்பிவிடும் என்று நாங்கள் கேலியாகச் சொல்வோம். கேலிதான், ஆனால் ரொம்பக் கேலியும் அல்ல.

நீங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறீர்களே அம்மா! மேட்டுப்பாளையம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அங்கிருந்து குன்னூர் வரை அந்த நீல எஞ்சின் இன்றைக்கும் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மலை ஏறுகிறது. கல்லாறில் பற்சட்டம் தொடங்கும் இடத்தில் அது கவ்வும் சத்தத்தைத் தந்தையாருக்குக் கேட்கச் சொல்லுங்கள். நீராவிக்கும் புகைக்கும் அங்கே போங்கள். கடலுக்கு இங்கே வாருங்கள். இரண்டையும் ஒரே சீட்டில் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கீழக்கரை சபராளி:

பெரியவர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். இரண்டும் ஒரே சீட்டில் கிடைக்கும் ஓரிடத்தில் நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பதால், ஒரு சிறு சேர்க்கை மட்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் பெய்ன்டன் என்ற ஊரிலிருந்து கிங்ஸ்வேர் வரை பதினொரு கிலோமீட்டர் போல ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. முதல் பாதிக்குக் கடலை ஒட்டியே போகும். கடற்கரையில் வரிசையாக நிற்கும் வண்ணமடித்த மரக் குடில்களின் கூரைக்கு மேலே ஜன்னல் இருக்கும். பிறகு ஒரு சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் டார்ட் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். ரயில் அங்கேயே நின்றுவிடும். டார்ட்மத் என்ற பழைய துறைமுகப்பட்டினம் ஆற்றின் அக்கரையில் இருப்பதால், இறங்கிப் படகில் போக வேண்டும். அந்த ஊரில் ஒரு ரயில் நிலையம் இருந்தது. சீட்டு விற்றார்கள், பயணிகளின் சாமான்களைப் பெற்றுக்கொண்டார்கள், ஆனால் ஒரு நாளும் ஒரு ரயிலும் அங்கே வந்ததில்லை, தண்டவாளமே கிடையாது. 1620-இல் மேஃபிளவர் கப்பல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கூட வந்த கப்பலின் ஓட்டையை அடைக்க ஒதுங்கிய துறை அது. சுரங்கத் தண்ணீரை இறைக்க 1712-இல் முதன்முதலில் நீராவி எஞ்சினை ஓடவிட்ட தாமஸ் நியூகோமன் 1664-இல் பிறந்த ஊரும் அதுதான். ஆக, நீராவியின் பாட்டன் பிறந்த ஊருக்கே நீராவி ரயில் ஆற்றைக் கடந்து வர முடியவில்லை.

முதன்முதலில் அந்தப் படகில் ஏறியபோது எனக்கு நினைவு வந்தது என் வாப்பா சொன்ன போட் மெயில்தான். சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கினால், ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்புக் கோட்டை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த சில நாளிலேயே அந்த ஏற்பாடு தொடங்கிவிட்டது. புயலுக்குப் பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. 1980-களில் இலங்கையில் கலவரம் முற்றியதும் அதுவும் நின்றது. கீழக்கரையில் கொழும்புக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பெய்ன்டன் பாதையில் மட்டும் நீராவி எப்படித் தப்பித்தது என்று நானும் யோசித்திருக்கிறேன். அந்தப் பாதையும் ஒருமுறை அகலம் மாறியதுதான், ஆனால் மாறியது 1892-இல். இன்று ஓடும் எஞ்சின்கள் எல்லாம் அதற்குப் பிறகு அந்த அகலத்துக்கே செய்யப்பட்டவை. 1972-இல் அரசு அந்தப் பாதையைக் கைவிட்டபோது, ஒரு தனியார் நிறுவனம் அதை வாங்கிப் பழைய நீராவி எஞ்சின்களை அதில் ஓட்ட முடிந்தது. நம் பக்கம் எஞ்சின்கள் ஓய்ந்த பிறகு பாதையே மாறிவிட்டது. அங்கே எஞ்சினும் தண்டவாளமும் சேர்ந்தே முதுமை அடைந்தன. இங்கே இரண்டுக்கும் மணமுறிவு ஆகிவிட்டது. நேர்மையாகச் சொன்னால், காட்சி என்று எடுத்துக்கொண்டால் பாம்பனுக்கு அது உறை போடக் காணாது. அங்கே கடலை ஓரமாக நின்று பார்க்கலாம். நம் ஊரில் கடலுக்கு நடுவே போகிறோம்.

பரமக்குடிப் பெண்:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு அடுக்கு சிலிண்டர்கள் இருக்கின்றன, எஞ்சினுக்குப் பின்னால் ஒரு மலைச்சரிவின் ஓரத்தை அழிக்கக்கூட மறந்திருக்கிறார்கள். 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன் என்று அந்த முகவருக்குச் செய்தி அனுப்பிய அரை மணி நேரத்தில் நான்காயிரம் திரும்பி வந்தது. மீதி, 'நிர்வாகக் கட்டணம்' என்கிறார். புகாரைத் திரும்பப் பெறவில்லை.

தனுஷ்கோடியைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லையே? ஊன்றுகோலோடு மணலில் நடக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

மண்டபம்காரன்:

மறந்துவிட்டேன் அக்கா, மன்னிக்கவும். 2017-லிருந்து, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. அதற்கு முன் ஜீப்பும் வேனும் மணலில் தத்தளித்துக்கொண்டு போகும். இப்போது ராமேஸ்வரத்திலிருந்து கார் நேராகப் போய்விடும். இடிந்த தேவாலயம், அஞ்சலகம், ரயில் நிலையம் எல்லாம் சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் காரிலிருந்தபடியே ஓரளவு தெரியும். வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும், இருட்டினால் காவலர்கள் உள்ளே விடமாட்டார்கள்.

அப்பாவுக்குப் புயலின் கதை தெரிந்திருக்கும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்து, நூறு பேருக்கு மேல் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. ஸ்ரீதரன் என்ற பொறியாளரின் பொறுப்பில், விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்தே மீட்டெடுத்து 46 நாளில் பாலத்தை மறுபடி ஓடவிட்டார்கள். தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலை ஒரு முழம் தோண்டினால் ஊற்றில் நல்ல தண்ணீர் சுரக்கும். பெண்கள் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்தால், ஒரு வாய் கேட்டு வாங்கி அப்பாவுக்குக் கொடுங்கள்.

பரமக்குடிப் பெண்:

போய்வந்துவிட்டோம். உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ராமநாதபுரத்தில் காலைப் பாசஞ்சரில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. சபரிமலைக்குப் போய்த் திரும்பும் ஒரு குழு, மீன்கூடையோடு இரண்டு அம்மாக்கள், தூங்கும் கல்லூரிப் பிள்ளைகள். உச்சிப்புளி தாண்டியதும் அப்பா மூக்கை உறிஞ்சி, 'வந்துவிட்டது' என்றார். எனக்கு மீன்கூடை வாடைதான் தெரிந்தது. பாலத்தில் வண்டி ஏறியதும் அவர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, வலது கையைப் புருவத்தின் மேல் குடையாகப் பிடித்தார். வெயிலுக்காக என்று நினைத்தேன், ஆனால் வெயில் மறுபக்கம் இருந்தது. கண்ணில் கரி விழாமல் மறைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் தூக்குப்பாலத்தின் கோபுரம் கடந்துபோய்விட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. புதிய பாலத்தில் வண்டி கொஞ்சம் வேகமாகத்தான் போகிறது. 'இவ்வளவுதானா? அன்றைக்கு வெற்றிலை போட்டு மென்று முடிக்கும் வரை பாலம் இருந்ததே' என்று அவருக்குக் குறை.

தனுஷ்கோடியில் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர், நிலையத்தின் செங்கல் சுவர்களைப் பார்த்ததும் தானாகவே கதவைத் திறந்தார். ஊன்றுகோல் மணலில் புதைந்ததால் என் தோளைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்தார். ஊற்றுத் தண்ணீர் கிடைத்தது. ஒரு பெண்மணி எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார். அங்கே உயரமாக நிற்கும் செங்கல் தூண்களைப் பார்த்து, 'இதன் மேல்தான் எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தது' என்று அப்பா சொன்னார். ஃபயர்மேன் ஐயா, உப்புத் தண்ணீர் பாய்லருக்கு ஆகாது என்று நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியிருந்தேன். 'அப்படியானால் நாலு பக்கமும் கடல் இருக்கும் ஊரில் எஞ்சினுக்கு எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்று அவரிடம் கேள்' என்கிறார்.

ஓய்வுபெற்ற ஃபயர்மேன்:

அவர் டம்ளரில் குடித்தாரே, அந்தத் தண்ணீரின் இனம்தான் அம்மா. மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் ஏடு படிந்ததுபோல மிதந்து நிற்கும். ஆழமாகத் தோண்டினால் கரிக்கும். மேலாக மொண்டால் இனிக்கும். அதனால்தான் ஊற்றை ஒரு முழத்துக்கு மேல் தோண்டமாட்டார்கள். மேட்டுப்பாளையத்துக்கு எப்போது போகிறீர்கள் என்று தந்தையாரிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். அங்கே கண்ணை மறைத்துக்கொள்ளக் கையும் வேண்டும், ஒரு கைக்குட்டையும் வேண்டும்.